பின்பக்கக் கண்ணாடிகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க, எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் வாயருகே கொண்டுபோய் ஊதிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கணவரின் மூக்குக்கண்ணாடி, பீரோவில் பதித்த நிலைக்கண்ணாடி, டவுண் அல்வாக் கடையின் கண்ணாடிப் பெட்டி என்று எதையும் விடவில்லை. ஊதியதும் படர்கிற ஆவி ஒரே சீராகப் பரவுகிறதா, முத்து முத்தாகத் திரள்கிறதா என்று கவனிப்பேன். என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது. கடைக்காரர் ஒருநாள், "என்ன டீச்சர், தாயும் மவளும் பலகாரத்தைப் பாக்காம பெட்டியப் பாக்கிய?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். சிரிக்கிற நிலையில் உண்மையில் நான் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு வண்ணார்பேட்டையில். கணவர் எனக்கு அத்தைமகன். மின்வாரியத்தில் வேலை, பாபநாசம் பவர் ஹவுஸில். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். வாரத்தில் மற்ற நாட்களில் வீட்டில் நானும் மகளும்தான். வகுப்பு முடிந்து மிஞ்சுகிற நேரத்தில், பி.எச்டி. பட்டத்துக்காக ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளைத் தன் இடத்திலேயே நிறுத்திவைக்கச் சின்ன எஞ்சின்கள் வேண்டும். அவற்றில் ஒருவகை மின்சாரத்தால் ஓடுவது. வாயுவின் அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, துளைகள் போட்ட உலோகத் தகட்டின் வழியாக வேகமாக வெளியே தள்ளும். அதன் உந்துவிசை உள்ளங்கையில் ஒரு காகிதத்தை வைத்தால் அழுந்துகிற அளவுதான். ஆனால் மாதக்கணக்கில் ஓடும். ஓட ஓட அந்தத் தகடு தேயும். தேய்கிற உலோகம் எங்கே போகும்? செயற்கைக்கோளின் மீதே போய்ப் படியும். சூரியத் தகடுகளில் படிந்தால் மின்சாரம் குறையும், கேமராவில் படிந்தால் பார்வை மங்கும். அங்கே போய்த் துடைக்க ஆள் கிடையாது. எவ்வளவு படிகிறது, எந்தப் பக்கம் படிகிறது என்பதுதான் என் கேள்வி.

கல்லூரியின் பழைய ஆய்வகத்தில், எண்ணெய் டின்னைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு உருளை ஒன்று இருந்தது. அதிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்க ஒரு பம்ப். உருளைக்குள் கைக்கடக்கமான ஒரு எஞ்சின், நானே பொருத்தியது. அதைச் சுற்றி முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று சிறு கண்ணாடித் துண்டுகளை நிறுத்துவேன். எஞ்சினை ஓட்டிவிட்டு, பிறகு துண்டுகளை எடுத்து எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது என்று அளப்பேன்.

முன்பக்கத் துண்டுகள் கறுப்பது யாருக்கும் ஆச்சரியமில்லை. என் துண்டுகளில் பின்பக்கத்தில் இருந்தவையும் பழுப்பேறின. எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவை அவை. நேராக எதுவும் வந்து படிய வழியே இல்லை. செயற்கைக்கோளின் உடம்பும் சிறகுகளும் இருப்பதோ அந்தப் பின்பக்கத்தில்தான். வேகமிழந்த சில அணுக்கள் வளைந்து பின்னால் திரும்பிவரும் என்று வெளிநாட்டில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கு என் கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் தெரிகிறது என்று நான் நம்பினேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுக்க அதுதான். என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் காட்டினார்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை விளக்கிப் பேச வேண்டும் என்பது விதி. பேசினேன். நன்றாகத்தான் போனது. கடைசி வரிசையில் வெளியூரிலிருந்து விருந்தினராக வந்திருந்த ஒருவர் கையைத் தூக்கினார். பெரிய வெற்றிட அறைகளில் வேலை பார்த்தவர் என்று சொல்லியிருந்தார்கள்.

"பின்பக்கக் கண்ணாடி நல்லா இருக்கும்மா," என்றார். "எஞ்சினை அணைச்சிட்டு, பம்ப்பை மட்டும் அதே நேரத்துக்கு ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"பம்ப் எண்ணெயில ஓடுறதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப ஒரு தடவை பாத்துருங்க." அவ்வளவுதான். குரலில் கிண்டல் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. உருளையின் சுவரில் மோதித் துகள்கள் திரும்பிவரும் என்று யோசித்து, சுவர் முழுக்கக் கரித்தகடு பதித்திருந்தேன். எஞ்சினின் ஒவ்வொரு திருகையும் ஸ்பிரிட்டில் கழுவியிருந்தேன். கீழே கொதித்துக்கொண்டிருக்கிற பம்ப் எண்ணெயிலிருந்து ஆவி மேலே ஏறி வரலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது பேராசிரியர், "அவரு சும்மா கேக்கணும்னு கேட்டாரு. நீ போட்டுக் குழப்பிக்காத," என்றார். நான் தலையாட்டினேன். பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் இறங்காமல் ஜங்ஷன் வரை போய், அங்கிருந்து திரும்ப நடந்து வந்தேன்.

மறுநாளே எஞ்சினைத் தொடாமல் பம்ப்பை மட்டும் ஓட்டினேன். வெளியே எடுத்த கண்ணாடிகள் பளிச்சென்றுதான் இருந்தன. ஒரு கணம் நிம்மதி. பிறகு, எங்கேயோ படித்தது நினைவு வந்து ஊதிப் பார்த்தேன். சுத்தமான கண்ணாடியில் ஆவி பால்போல் ஒரே சீராகப் படரும். இவற்றில் அது முத்து முத்தாகத் திரண்டது. எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். எஞ்சின் ஓடும்போது அதன் ஒளியும் சூடும் பட்டு அந்தப் படலம் பழுப்பாகியிருக்கலாம்.

இருக்கலாம் என்பதோடு விட மனம் வரவில்லை. பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பழைய துண்டுகளில், முன்பக்கத்தது ஒன்றையும் பின்பக்கத்தது ஒன்றையும் எடுத்துக் கேஸ் பர்னரில் பையப் பையச் சூடாக்கினேன். முன்பக்கத் துண்டில் கறை வெளுத்து, வெள்ளைப் புகைபோல் ஒட்டிக்கொண்டே நின்றது. அது உலோகம். பின்பக்கத் துண்டில் பழுப்பு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி மறைந்தது. கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் துண்டு தெளிந்துவிட்டது. அத்தியாயம் ஒன்று இடுக்கியின் நுனியில் எரிந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அழுகை வரவில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆய்வகத்துக்கும் வராந்தாவுக்குமாக நடந்தேன். பழுப்பு எல்லாமே எண்ணெயா, அல்லது எண்ணெய்க்கு அடியில் நான் தேடியதும் கொஞ்சம் இருந்ததா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் சொன்னேன்.

"அத்தான், கடைசி அத்தியாயம் போச்சு."

"போச்சுன்னா?"

"எண்ணெய்க் கறையப் பாத்து உலோகம்னு எழுதியிருக்கேன்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி, "வேற யாரும் கண்டுபிடிச்சாங்களா?" என்றார்.

"நான்தான்."

"அப்ப நீயே சரி பண்ணிரலாம்லா. எதுக்கு முகத்தத் தொங்கப் போட்டிருக்க?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இந்தா, ஊதணும்னா ஊதிக்க."

சரிசெய்ய வழி இருந்தது. பம்ப்புக்கும் உருளைக்கும் நடுவே கடுங்குளிரான ஒரு பாத்திரத்தை வைத்தால் ஏறிவருகிற எண்ணெய் ஆவி அதிலேயே உறைந்து நின்றுவிடும். குளிர்பொறி என்போம். பாத்திரத்தை வண்ணார்பேட்டை லேத் பட்டறையில் செய்து வாங்கினேன். முதல் தடவை கசிந்தது, மறுபடி பற்றவைத்துத் தந்தார்கள். ஆனால் அதில் ஊற்றத் திரவ நைட்ரஜன் வேண்டும். பனிக்கட்டியெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. திருவனந்தபுரத்தில் கிடைக்கும் என்றார் பேராசிரியர். மலையைச் சுற்றி அங்கிருந்து கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி ஆவியாகிவிடும். "விட்டுரும்மா," என்றார். "நான் ஓய்வு பெறதுக்குள்ள நீ முடிக்கணும்."

வாரங்கள் ஓடின. நைட்ரஜன் கிடைக்கிற இடம் எங்கள் வீட்டு வாசலில் தெரிந்தது. பால்காரர் ஒருநாள் தாமதமாக வந்தார். கேட்டதற்கு, "மாடு பருவத்துக்கு வந்து நிக்கி. சினை ஊசி போட டாக்டர்ட்ட ஓடுனா, கேன்ல மருந்து தீந்துட்டு, வண்டி வரணும்ங்காரு," என்று அலுத்துக்கொண்டார்.

"எந்தக் கேன் அண்ணாச்சி?"

"அதாம்மா, தொறந்தா புகையா வருமே, அந்தக் கேன்."

அவர் போனபின் அடுப்பில் வைத்த பால் கொதித்து வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. காளைகளின் விந்தை உறையவைத்துக் காப்பது திரவ நைட்ரஜனில்தான் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அது நான் குடியிருக்கிற ஊரிலேயே, நான் தினமும் பஸ்ஸில் தாண்டிப்போகிற கால்நடை மருத்துவமனையில் இருக்கும் என்பது தோன்றியதில்லை.

அன்று மத்தியானமே போனேன். வேப்பமரத்தடியில் மாடுகளும் ஆடுகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் காத்திருந்தார்கள். மாடு இல்லாமல் வந்திருந்தவள் நான் ஒருத்திதான். மருத்துவர் நடுவயதுக்காரர், முழங்கைவரை நனைந்த கையோடு நின்றிருந்தார்.

"மாடு எங்கம்மா?"

"மாடு இல்ல சார். கொஞ்சம் திரவ நைட்ரஜன் வேணும்."

ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு?"

சொன்னேன். செயற்கைக்கோள், எஞ்சின், கண்ணாடி, எண்ணெய். வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் தன் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே, "ராக்கெட்டுக்கும் சினை ஊசி போடுதாங்களோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை.

"இந்தா பாருங்கம்மா. கேன்ல அளவு எறங்குச்சுன்னா உள்ள இருக்கது அத்தனையும் செத்துரும். ஒவ்வொரு ஊசியும் ஒரு வீட்டுக்குக் கன்னுக்குட்டி. உங்க கண்ணாடிக்காக நான் அத விட முடியாது."

"புரியுது சார்."

புரிந்ததுதான். ஆனாலும் கால் நகரவில்லை. அவர் ஒரு மாட்டைப் பார்த்து முடித்தார், அடுத்ததையும் பார்த்து முடித்தார். நான் அங்கேயே நின்றேன். கையைக் கழுவிக்கொண்டு திரும்பியவர், "இன்னும் போகலையா?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "நைட்ரஜன் வண்டி வார அன்னைக்கு, ஊசியெல்லாம் புதுக் கேனுக்கு மாத்துவோம். பழைய கேன் அடியில கொஞ்சம் கெடக்கும். அது ஆவியாகித்தான் போகும். உங்க பிரின்ஸிபால்ட்ட ஒரு கடிதாசி வாங்கிட்டு வாங்க. தாரேன்," என்றார்.

அதன்பிறகு என் ஆராய்ச்சி அந்த வண்டியின் பின்னால் ஓடியது. வண்டி என்றைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் வரும். வகுப்பில் பாதியில் நிறுத்திவிட்டு, மாணவிகளைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஓடுவேன். முதல் நாள் ஆட்டோக்காரர், பழைய கேனின் மூடியிலிருந்து வெள்ளைப் புகை வழிவதைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"எக்கா, வெடிக்காதுல்லா?"

"வெடிக்காதுப்பா. பைய ஓட்டு, போதும்."

"பையன்னா எம்புட்டுப் பைய?" என்றவர், முருகன்குறிச்சி வரை மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் எனக்கு நெருப்பின்மேல் இருப்பதுபோல் இருந்தது. இந்தப் பக்கம் நைட்ரஜன் குறைந்துகொண்டே போகிறது.

குளிர்பொறியில் ஊற்றியதும் அழுத்தமானியின் முள் இறங்கியதை மறக்க முடியாது. அத்தனை வருடத்தில் அது ஒருமுறையும் தொட்டிராத இடத்துக்கு இறங்கி நின்றது. என் உருளைக்குள் அதுவரை இருந்தது வெற்றிடமே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. எஞ்சினை அணைத்துவைத்தே அன்று ஓட்டினேன். கண்ணாடிகளை எடுத்து ஊதினேன். ஆவி பால்போல் படர்ந்து, ஒரே சீராகக் கலைந்தது.

அடுத்த வண்டி வந்தபோது எஞ்சினை ஓட்டினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பம்ப் நின்றால் சூடான எண்ணெய் ஆவி எல்லாப் பக்கமும் பாயும். கண்ணாடி, எஞ்சின், கரித்தகடு அத்தனையும் பாழ். அந்தச் சனிக்கிழமை கணவர் வீட்டுப்படி ஏறுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"உங்க ஆளுங்களால என் வேலையெல்லாம் போச்சு!"

"ஏன் சத்தம் போடுத? நாங்க பாபநாசத்துல கரண்ட உண்டாக்குதோம். நிறுத்துதது நாங்க இல்ல," என்றார் பையை இறக்கிவைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திங்கட்கிழமை லீவு போட்டார். பாளையங்கோட்டை அலுவலகத்தில் தெரிந்தவர்களைப் போய்ப் பார்த்து, எங்கள் பக்கத்துக் கம்பிகளில் என்றென்றைக்குப் பராமரிப்பு வேலை என்று கேட்டுவந்து சொன்னார். அதனால் எதிர்பாராத கரண்ட் கட் நிற்காது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அன்று ஒரு நாளை எனக்காகச் செலவழித்தது என்னைக் கொஞ்சம் உட்காரவைத்தது.

மூன்றாவது முயற்சி ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. மகள் பள்ளிவிட்டு வந்து ஆய்வக மேசைக்கு அடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். கேன் வறண்டபோது எஞ்சினை நிறுத்தினேன்.

முன்பக்கத் துண்டுகள் பழையபடி கறுத்திருந்தன. உலோகம்தான், சந்தேகமில்லை. பின்பக்கத் துண்டுகள் கண்ணுக்குத் தெளிவாக இருந்தன. ஒளி அளக்கும் கருவியில் வைத்தேன். ஊடுருவும் ஒளி ஒரு நூலளவு குறைந்திருந்தது. மனசு துள்ளியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், குறையவில்லை. மறுபடி வைத்தேன், குறைந்தது. எஞ்சின் பக்கமே போகாத புதுக் கண்ணாடியை வைத்தேன். அதுவும் அதே நூலளவு ஆடியது. கருவியின் துல்லியமே அவ்வளவுதான். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

பேராசிரியர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "கொறைஞ்சிருக்குல்லா? கொஞ்சமா இருந்தாலும் இருக்குன்னு எழுது."

"புதுக் கண்ணாடியும் அதே மாதிரி ஆடுது சார்."

"அதப் போய் யார் கேக்கப் போறா?"

அவருக்கும் அது சரியான பேச்சல்ல என்று தெரிந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லன்னு சொல்லதுக்கா இத்தன வருஷம்?" என்றார். கோபமாக இல்லை, களைப்பாக.

"இல்லன்னு சொல்லல சார். இருந்தா இந்த அளவுக்கு மேல இல்லன்னு சொல்லுதேன்."

கடைசி அத்தியாயத்தை அப்படியே மாற்றி எழுதினேன். பெரிய அத்தியாயம் சில பக்கங்களாகச் சுருங்கியது. பழைய பின்பக்க முடிவுகளை எடுத்துவிட்டு, அவை ஏன் தவறு, எண்ணெய் எப்படி ஏறியது என்பதை ஒரு பின்னிணைப்பாகச் சேர்த்தேன். பேராசிரியர் கையெழுத்துப் போடும் முன் முன்னுரையில் கால்நடை மருத்துவமனைக்கு நன்றி சொல்லியிருந்த வரியைக் காட்டி, "இது அவசியமா?" என்றார். அவசியம் என்றேன். விட்டுவிட்டார்.

வாய்மொழித் தேர்வு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பின்பக்கக் கண்ணாடிகளைப் பற்றி யாராவது துருவிக் கேட்பார்கள் என்று நாள்கணக்கில் பதில்களை மனசுக்குள் ஓட்டியிருந்தேன். தேர்வாளர் வாயுவின் தூய்மை பற்றிக் கேட்டார், முன்பக்க வளைகோடு பற்றிக் கேட்டார், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னார், வாழ்த்துச் சொல்லிக் கைகூப்பினார். பட்டம் கிடைத்தது. கணவர் பாபநாசத்திலிருந்து வந்திருந்தார். நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு ரத வீதியில் சாப்பிட்டோம். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, கருவி இன்னும் கொஞ்சம் நுட்பமானதாக இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய அறைகளும் நல்ல பம்ப்புகளும் உள்ளவர்கள் பின்னால் திரும்பிவருகிற அணுக்களை அளந்திருப்பதைப் பிறகு பத்திரிகைகளில் படித்தேன். ஆக, அது உண்டுதான். என் கண்ணாடியில் ஆடிய நூலளவில் அதுவும் கலந்திருந்ததா என்பதற்கு அவர்கள் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நான் வெற்றிட உருளையைத் தொடர்ந்து ஓட்டத்தான் இருந்தேன். அதற்குள் பேராசிரியர் ஓய்வு பெற்றார். கல்லூரியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். ஊரெங்கும் அந்தப் பேச்சுத்தான். இடம் வேண்டும் என்று எங்கள் ஆய்வகத்தைக் கேட்டார்கள். உருளையைக் கழற்றி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினோம். பம்ப்பிலிருந்த எண்ணெயை வடித்தபோது அது தேன் நிறத்தில் இறங்கியது. சுவர்களுக்கு வெள்ளையடித்து, ஏசி பொருத்தி, மேசைகள் போட்டார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது அந்த வகுப்பை எடுக்க வேண்டும் என்றபோது என் பெயரைத்தான் சொன்னார்கள்.

முதல் வகுப்பன்று தூசி வரக்கூடாது என்று வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். மாணவிகள் வெறுங்காலோடு, குளிரில் தாவணியைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றார்கள். "உட்காருங்க," என்றேன். உட்கார்ந்தார்கள். நான் மட்டும், உருளை நின்றிருந்த இடத்தைத் தாண்டித் தாண்டி, வரிசைக்கு வரிசை, மணியடிக்கிற வரை நடந்துகொண்டே பாடம் எடுத்தேன்.